நாலாம் படுக்கையின் இரண்டாவது சாம்பிள்

இது நடந்தது. கேட்பவர்கள் எல்லோரும் முதலில் விசாரிப்பது, ராத்திரி எத்தனை மணிக்கு என்றுதான். ராத்திரி இல்லை. பகல் மூன்று மணி பத்து நிமிடம். மூன்று நாள், அதே நேரம். கரண்ட் போகவில்லை, மழை பெய்யவில்லை, எங்கேயும் நாய் ஊளையிடவில்லை. குழல் விளக்குகள் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்த ஓர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் நடந்தது. சம்பந்தப்பட்டவர்களில் ஒருவர் மட்டும் வேலையை விட்டுப் போய்விட்டார். மற்றவர்கள் இன்னமும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறார்கள். தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டாலும் நிமிடம் மாறாமல் சொல்கிறார்கள்.

பரிசோதனைக்கூடம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் என்று ஒன்றே ஒன்று. அதுவும் வெளிச்சத்துக்கு இல்லை. தாழ்வாரத்தைப் பார்த்த ஒரு சின்னக் கண்ணாடித் திறப்பு, அதன் கீழே ஒரு எவர்சில்வர் தட்டு, பக்கத்தில் அழைப்பு மணியின் பொத்தான். வார்டுகளிலிருந்து வரும் ரத்தம், சீழ், சிறுநீர் எல்லாம் அந்தத் தட்டில் வந்து உட்காரும். மணி அடிக்கும். உள்ளே இருப்பவர் எடுத்துக்கொள்வார்.

உள்ளே பெரும்பாலும் இருந்தவள் லேப் அக்கா. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அவளைவிடப் பத்து வயது மூத்த மூளை அறுவை சிகிச்சை டாக்டரே அவளை அப்படித்தான் கூப்பிடுவார். நோயாளியிடமிருந்து எடுத்ததை, கிருமிக்கு உணவு பரப்பிய சிவப்புத் தட்டில் தீற்றி, வெதுவெதுப்பான பெட்டியில் ஒரு நாள் வைத்து, மறுநாள் என்ன முளைத்திருக்கிறது, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. ஒரு நோயாளியின் முகத்தையும் அவள் பார்த்ததில்லை. படுக்கை எண்தான் தெரியும்.

அந்த மாதம் அவளைத் தூங்கவிடாமல் செய்த எண், நாலு.

நாலாம் படுக்கையில் இருந்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்தொரு வயது. மூளையில் இருந்த கட்டியை எடுத்தாகிவிட்டது. ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. தலைக்குள் சேரும் நீர் வடிவதற்காக ஒரு மெல்லிய குழாயை வைத்திருந்தார்கள். ஆறாம் நாள் ஜுரம் வந்தது. குழாய் வழியாகக் கிருமி உள்ளே போய்விட்டது. எந்த மருந்துக்கும் அசையாத கிருமி. என்ன சொன்னாலும் காதில் வாங்காது என்பதால் லேபில் அதற்கு ‘மாமியார்’ என்று பெயர். சொல்லிச் சிரித்தவள் லேப் அக்காதான். அவளுக்கே இரண்டு வருஷத்தில் மருமகள் வரப்போகிறாள் என்பது வேறு விஷயம்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு மருந்து. அதை ரத்தத்தில் ஏற்றினால் மூளைக்குப் போதுமான அளவு போய்ச் சேராது. ஆகவே தினமும் காலை பத்து மணிக்கு அந்தக் குழாய் வழியாகவே கொஞ்சம் தலைக்குள் செலுத்தி, ஒரு மணி நேரம் குழாயை மூடிவைத்து, பிறகு திறந்துவிடுவார்கள். ரத்தத்திலும் கூடவே ஏற்றினார்கள். அது கிருமியைத் தின்றதோ இல்லையோ, மெக்கானிக்கின் சிறுநீரகத்தைத் தின்ன ஆரம்பித்திருந்தது. ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர் ஒரு கணக்கு வைத்தார். தொடர்ந்து மூன்று நாள் தலைநீரில் ஒன்றும் முளைக்கவில்லை என்றால் குழாயை உருவிவிடலாம், மருந்தை நிறுத்திவிடலாம். முளைத்துக்கொண்டே இருந்தால் நிறுத்த முடியாது. கிருமி இருக்கும்போதே நிறுத்தினால் ஆள் பிழைக்க மாட்டார்.

மெக்கானிக்கின் மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்கள் மேலே ஐ.சி.யூ. வாசலில் காத்திருப்பார்கள். இவளோ முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்று இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். அடித்தளத் தாழ்வாரத்தில் லேப் ஜன்னலுக்கு எதிரே இருந்த பெஞ்சில் தினமும் காலையில் வந்து உட்காருவாள். கேட்பது ஒரே கேள்வி.

“அக்கா, இன்னைக்கு ஏதாச்சும் முளைச்சிருக்கா?”

பத்து நாள் முளைத்தது. பதினோராவது நாளான சனிக்கிழமை, தட்டில் நாலைந்து புள்ளிகள்தான். அடங்கி வருகிறது என்றார்கள். அடுத்தது ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை லேப் அக்கா தனி ஆள். நாலாம் படுக்கையின் சாம்பிள் 11:40-க்கு வந்தது. கொண்டுவந்தவர் எக்ஸ்பிரஸ். அவர் வயதான அட்டெண்டர். மூன்று மாடி இறங்கிவர இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொள்வதால் அந்தப் பெயர். தலைநீர் ஆறிப்போனால் அதில் இருக்கும் சில கிருமிகள் செத்துவிடும், அப்புறம் தட்டில் எதுவும் முளைக்காது. ஆகவே அந்தக் குப்பியை மட்டும் அவர் ட்ரேயில் வைத்துக் கொண்டுவர மாட்டார். உள்ளங்கையில் பொத்தி, விரல்களை இறுக மூடி, முட்டைக்கு அடைகாப்பது மாதிரி கொண்டுவருவார். முப்பது வருஷப் பழக்கம். வெறுங்கையோடு நடந்தாலும் வலது கை மூடியேதான் இருக்கும்.

அவள் அதை வாங்கித் தட்டில் தீற்றி, பெட்டியில் வைத்தாள். சாப்பிட்டாள். மீதி வேலையைப் பார்த்தாள்.

3:10-க்கு மணி அடித்தது.

ஒரே ஒரு தடவை. அவசரமில்லாமல்.

போய்ப் பார்த்தாள். எவர்சில்வர் தட்டில் ஒரு குப்பி நின்றிருந்தது. தெளிந்த நீர், இரண்டு மில்லி இருக்கும். மேலே வழக்கமான அச்சடித்த ஸ்டிக்கர் இல்லை. ஒரு துண்டு பிளாஸ்திரியில் நீல மையில் கையால் எழுதிய எண், 4. அவ்வளவுதான்.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். தாழ்வாரம் இரண்டு பக்கமும் முப்பது முப்பது அடி. ஒரு பக்கம் லிஃப்ட், ஒரு பக்கம் படிக்கட்டு. லிஃப்ட் மூன்றாம் மாடியில் நிற்பதாக விளக்கு காட்டியது. படிக்கட்டில் காலடிச் சத்தம் இல்லை. பெஞ்சு காலி.

குப்பி சூடாக இருந்தது.

ஐ.சி.யூ.வுக்குப் போன் போட்டாள். இரண்டாவது சாம்பிள் எதற்கு என்று கேட்டாள். நாங்கள் அனுப்பவே இல்லையே என்றாள் அங்கிருந்த நர்ஸ். யாராவது புதுசாக வந்த டாக்டர் எடுத்து அனுப்பியிருப்பார், சொல்லியிருக்க மாட்டார் என்று லேப் அக்கா நினைத்துக்கொண்டாள். அப்படி நடப்பது உண்டு. அதையும் தட்டில் தீற்றினாள். மிச்சத்தை ஸ்டாண்டில் செருகிவிட்டுக் கை கழுவப் போனாள்.

இருபது நிமிடம் கழித்து ஸ்டாண்டை நகர்த்தும்போது விரல் பட்டது.

குப்பி இன்னும் சூடாகத்தான் இருந்தது.

இரண்டு மில்லி நீர், குளிரூட்டப்பட்ட அறையில் ஐந்து நிமிடம் தாங்காது. அவளுக்கு அது தெரியும். தெரிந்ததை யோசிக்காமல் தள்ளிவைத்தாள். அன்று இரவு வீட்டில் வலது உள்ளங்கையை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தாள். என்ன, பொசுக்கிக்கொண்டாயா என்று கணவர் கேட்டார். இல்லை என்றாள். எழுந்து போய்க் கை கழுவினாள். படுத்தாள். மறுபடி எழுந்து போய்க் கழுவினாள்.

திங்கட்கிழமை காலை 8:30. பெட்டியைத் திறந்தாள்.

11:40 சாம்பிளின் தட்டு பளிச்சென்று இருந்தது. ஒரு புள்ளி இல்லை.

3:10 சாம்பிளின் தட்டு முழுக்க முளைத்திருந்தது. கோடு கோடாக, கொழகொழவென்று, ஓரம்வரை. மாமியாரேதான்.

லேபின் தலைமை டாக்டரம்மாவிடம் இரண்டையும் கொண்டுபோனாள். அந்த அம்மாள் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். பேரில்லாத சாம்பிள், யார் கை பட்டதோ, எது ஒட்டியதோ, இதையெல்லாம் ஒரு ரிசல்ட் என்று எடுத்துக்கொண்டு வராதீர்கள் என்றார். ஸ்டிக்கர் ஒட்டி வந்ததற்கு ரிப்போர்ட் போடுங்கள், மற்றதைக் கொதிக்கவைத்துக் கொட்டுங்கள். சட்டப்படி அதுதான் சரி. லேப் அக்கா கையெழுத்துப் போட்டாள். வளர்ச்சி இல்லை.

வெளியே பெஞ்சில் மெக்கானிக்கின் மனைவி ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். ஒன்று முடிந்தது. லேப் அக்கா தலையாட்டினாள்.

அன்று லேபில் ஐந்து பேர் இருந்தார்கள். 11:35-க்கு எக்ஸ்பிரஸ் வந்து போனார். மூன்று மணியிலிருந்து லேப் அக்காவுக்கு வேலை ஓடவில்லை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி காதை ஜன்னலில் வைத்திருந்தாள். அங்கிருந்து ஜன்னலுக்கு எட்டடி.

3:10.

மணி.

எட்டடியையும் மூன்றே எட்டில் கடந்தாள். குப்பி நின்றிருந்தது. தாழ்வாரம் காலி. கையில் எடுத்தாள். சூடு. கட்டைவிரல் பிளாஸ்திரியில் பட்டதும் 4 இழுபட்டுப் போனது.

மை இன்னும் காயவில்லை.

திரும்பி, யார் வந்தது பார்த்தீர்களா என்று மற்ற நால்வரையும் கேட்டாள். ஒருத்தி மட்டும் நிமிர்ந்தாள்.

“யார் வந்தா? மணியே அடிக்கலையேக்கா.”

அதையும் தீற்றினாள். இந்த முறை டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. தட்டைப் பெட்டியின் பின்வரிசையில், மற்றவற்றுக்குப் பின்னால் வைத்தாள். ஏன் ஒளித்துவைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

செவ்வாய் காலை. 11:35 தட்டு சுத்தம். 3:10 தட்டு முழுக்கக் கிருமி. கையெழுத்துப் போட்டாள். வளர்ச்சி இல்லை. பெஞ்சில் இரண்டு விரல் உயர்ந்தது. அந்தப் பெண் அன்று தலை வாரி, துவைத்த உடை போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

அன்று மூன்று மணிக்கு லேப் அக்கா எக்ஸ்பிரஸைக் கூப்பிட்டு ஜன்னலுக்கு வெளியே நிற்கச் சொன்னாள். யாரோ விளையாடுகிறார்கள், யார் என்று பார்த்துச் சொல்லுங்கள். அவருக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. நிற்பதும் நடப்பதும் அவருக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். சுவரில் சாய்ந்து, மணிப் பொத்தானுக்கு ஓர் அடி தள்ளி, தாழ்வாரம் முழுவதும் தெரிகிற மாதிரி நின்றுகொண்டார். லேப் அக்கா உள்ளே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம். இருவருக்கும் நடுவில் ஒரு முழம்.

3:05. யாரும் இல்லை.

3:08. லிஃப்ட் முதல் மாடிவரை வந்து, மறுபடி மேலே போனது.

3:09. எவர்சில்வர் தட்டு காலி. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் எரிந்தது. இமைக்கவில்லை...

மணி அடித்தது.

பொத்தான் அசையவில்லை. அவள் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

தட்டு காலியாகவே இருந்தது.

“நான் அமுக்கலக்கா” என்றார் எக்ஸ்பிரஸ். குரல் கீழே போயிருந்தது.

தெரியும் என்றாள்.

அவர் முகம் மாறியது. தன் வலது கையைக் குனிந்து பார்த்தார். மூடியிருந்த கை. எப்போதும் மூடியே இருக்கிற கை.

“அக்கா... சுடுது...”

விரல்கள் திறக்க வரவில்லை. இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

சுண்டுவிரல்.

மோதிரவிரல்.

நடுவிரல்...

உள்ளங்கையில் குப்பி இருந்தது. நீல மையில் 4.

அதைத் தட்டில் வைத்துவிட்டு அவர் படிக்கட்டுப் பக்கம் போனார். அவர் அவ்வளவு வேகமாகப் போய் அந்த ஆஸ்பத்திரியில் யாரும் பார்த்ததில்லை. மறுநாள் லீவு சொன்னார். அதற்கடுத்த வாரம் எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுவிட்டார்.

லேப் அக்கா அந்தக் குப்பியைத் தொடாமல் பத்து நிமிடம் நின்றாள். பிறகு கையுறை மேல் கையுறை போட்டுக்கொண்டு எடுத்தாள். தீற்றினாள். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. சாம்பிள் வந்தால் தீற்ற வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகச் செய்தது அதுதான்.

புதன் காலை மூன்றாவது ஜோடி. ஒன்று சுத்தம். ஒன்று முழுக்க.

பெரிய டாக்டர் மேலே தயாராக இருந்தார். பதினோரு மணிக்குள் மூன்றாவது ரிப்போர்ட் வந்தால் சாயங்காலம் நாலு மணிக்குக் குழாயை உருவுவது, மருந்தை நிறுத்துவது. சிறுநீரகம் இன்னும் இரண்டு நாளுக்குமேல் தாங்காது என்று சிறுநீரக டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். வெளியே பெஞ்சில் மனைவி. மூன்றாவது விரலை இன்னும் தூக்கவில்லை. மடியில் தயாராக வைத்திருந்தாள்.

லேப் அக்கா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். எழுந்தாள். தட்டுகளைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்து மூடினாள். பேய் பிசாசு என்று யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கேள்வி மூன்று நாளாக நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. சனிக்கிழமைவரை முளைத்துக்கொண்டிருந்தது ஒரே நாளில் எப்படி அடியோடு காணாமல் போகும். அது அந்தக் கிருமியின் குணம் இல்லை.

10:50-க்கு ஐ.சி.யூ.வுக்குப் போன் போட்டாள். எடுத்தது பழைய நர்ஸ், வெகுநாள் பழக்கம். நாலாம் படுக்கைக்குச் சாம்பிள் எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று கேட்டாள்.

“பதினொண்ணே காலுக்குக்கா. முன்ன ஒம்போதுக்கு எடுத்தோம். நீங்கதானே மீட்டிங்ல சொன்னீங்க, ஆறிப்போயி வருது, சூடா வேணும்னு. அதான் எக்ஸ்பிரஸ் கிளம்பற நேரத்துக்கு மாத்தினோம்.”

போனை வைத்தாள்.

சொன்னவள் அவள்தான். பதினொரு வாரத்துக்கு முன், சாம்பிள்கள் ஒன்பது மணியிலிருந்து பதினொன்றேகால்வரை மேலே கிடந்து ஆறிப்போகின்றன என்று கூட்டத்தில் எழுந்து நின்று சத்தம் போட்டாள். மேலே இருந்தவர்கள் அதைத் தலைமேல் வைத்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் மருந்து பத்து மணிக்கு. ஒரு மணி நேரம் கழித்துக் குழாயைத் திறந்ததும் வடிகிற நீரில் பாதி அந்த மருந்துதான். அதைத் தட்டில் தீற்றினால், கிருமியோடு மருந்தும் சேர்ந்துதான் தட்டுக்கு வரும். தட்டில் எதுவும் முளைக்காது. தலைக்குள் கிருமி மிச்சம் இருந்தாலும்... தட்டில் முளைக்காது. மெக்கானிக்குக்கு முதலில் கிருமி அதிகமாக இருந்தபோது அப்படியும் முளைத்தது. குறையக் குறைய, சுத்தமாகிவிட்டது போலத் தட்டு பொய் சொன்னது.

மூன்றாவது ரிப்போர்ட்டில் அவள் கையெழுத்துப் போடவில்லை.

அடுத்த ஒரு மணி நேரத்தில் அவள் வாங்கிக் கட்டிக்கொண்டதை எல்லாம் எழுத வேண்டியதில்லை. டாக்டரம்மா, மூன்று மாதமாக இல்லாத சந்தேகம் இன்றைக்கு எப்படி வந்தது என்றார். பெரிய டாக்டர் போனில் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. தட்டைப் பார்த்துத்தான் வைத்தியம் செய்கிறேன், உங்கள் மனசைப் பார்த்து இல்லை என்றார். நாளைக் காலை மருந்துக்கு முன் ஒரு சாம்பிள் எடுத்துக் கொடுங்கள், அதில் ஒன்றும் முளைக்கவில்லை என்றால் நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள் இவள். அவர், இரண்டு நாள், அதற்குமேல் ஒரு மணி நேரம்கூட இல்லை என்று வைத்துவிட்டார்.

மனைவியிடம் அவளே போய்ச் சொன்னாள். அந்தப் பெண் அழவில்லை.

“மூணுன்னுதானே சொன்னாங்க. மூணு ஆயிடுச்சே. உங்க வீட்டு ஆளா இருந்தா இப்படி இழுத்தடிப்பீங்களா?”

லேப் அக்கா ஜன்னலுக்கு உள்ளே திரும்பிப் போனாள்.

அன்று 3:10-க்கு ஜன்னல் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

3:10.

3:11.

3:20...

மணி அடிக்கவில்லை. தட்டு காலி. அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு அவளே மாடி ஏறினாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறை. நாலாம் படுக்கையில் மொட்டைத்தலையோடு ஒல்லியாக ஓர் ஆள், தலையிலிருந்து ஒரு குழாய், குழாயின் முடிவில் சொட்டு சொட்டாக ஒரு சின்னக் கலம். மருந்துக்கு முன் நர்ஸ் குப்பியில் பிடித்துக் கொடுத்தாள். மெக்கானிக் அரைக்கண்ணால் லேப் அக்காவைப் பார்த்தார். நாக்கு குழறியது. இருந்தாலும் சொல்லிமுடித்தார்.

“இந்த பில்டிங் லிஃப்ட்டு... ரெண்டாவது மாடியில ஒரு குலுக்கு குலுக்குது. கயிறு பாக்கச் சொல்லுங்க. நான் படுத்துக்கிட்டே கேட்டுட்டுத்தான் இருக்கேன்.”

சொல்கிறேன் என்றாள். குப்பியைத் தன் கையில் பொத்திக்கொண்டு படி வழியாகவே இறங்கினாள்.

வெள்ளி காலை 8:30. பெட்டியைத் திறந்தாள்.

தட்டில் முளைத்திருந்தது. நூற்றுக்கு மேல். எண்ணவே வேண்டாம்.

பெரிய டாக்டர் தட்டை மேலே வரவழைத்து, கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். அன்றே பழைய குழாயை எடுத்துவிட்டு வேறு பக்கத்தில் புதுக் குழாய் வைத்தார்கள். தலைக்குள் போகும் மருந்தைத் தொடர்ந்தார்கள். ரத்தத்தில் ஏறுவதைப் பாதியாகக் குறைத்து, கூடவே, தனியாகப் பலிக்காத இன்னொன்றைத் துணைக்குச் சேர்த்தார்கள். சிறுநீரகம் விளிம்புவரை போய், விழாமல் நின்றது. மருந்துக்கு முன் எடுத்த சாம்பிள்கள் மூன்று, ஒன்றன்பின் ஒன்றாகச் சுத்தமாக வர, மேலும் பத்தொன்பது நாள் ஆனது. மெக்கானிக் பிழைத்தார். வீட்டுக்குப் போகிற அன்று லிஃப்டில் ஏற மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். மனைவி தோள் கொடுக்க, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். அந்தப் பெண் லேப் ஜன்னலுக்கு வந்து லேப் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

இதோடு முடிந்திருந்தால் நல்லது.

நேரம் மாற்றிய அந்தப் பதினொரு வாரத்தில் தப்பான நேரத்துச் சாம்பிளை வைத்து வேறு யாருக்காவது குழாயை உருவியிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. பழைய பதிவுகளைப் புரட்டினார்கள். ஒரே ஒரு பெயர் கிடைத்தது. ஐம்பத்தாறு வயதுப் பெண். ஓய்வு பெற்ற டெலிபோன் ஆபரேட்டர். மெக்கானிக்குக்கு முன் நாலாம் படுக்கையில் இருந்தவர். மூன்று நாள், மூன்று ரிப்போர்ட், வளர்ச்சி இல்லை. மூன்றிலும் லேப் அக்காவின் கையெழுத்து. குழாயை உருவி, குணமாகிவிட்டது என்று அனுப்பிவைத்திருந்தார்கள். உடனே திரும்ப வரச் சொல்ல வேண்டும். உங்கள் ரிப்போர்ட், நீங்களே பேசுங்கள் என்றார் டாக்டரம்மா.

போனை எடுத்தது மகன். லேப் அக்கா அம்மாவைப் பற்றிக் கேட்டாள். அம்மா தவறிவிட்டார் என்றான். வீட்டில்தான். வெள்ளிக்கிழமை ஜுரம் வந்தது. பக்கத்து டாக்டர் உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, தலையில் ஒன்றுமில்லை, சாதாரண ஜுரம்தான் என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்விட்டார்.

எந்த ஞாயிறு என்று கேட்டாள். அவன் சொன்னது, முதல் குப்பி வந்த ஞாயிறின் தேதி. அவள் எதிரே மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். பார்க்காமலே தெரிந்திருந்தது.

“கடைசி ரெண்டு நாளும் ஒண்ணையேதான் சொல்லிட்டிருந்தாங்க, மேடம். லேப்ல இருக்கற அக்காகிட்ட இன்னொரு தடவ தண்ணி எடுத்துக் குடுங்கடான்னு. எப்படிக் கொண்டுபோறது, யாரு எடுக்கறதுன்னு நாங்க விட்டுட்டோம்.”

அவனே தொடர்ந்தான். கோபமாகக் கேட்கவில்லை, புரியாமல் கேட்டான்.

“ஒண்ணு கேக்கணும். அம்மா போனதுக்கப்புறம், திங்க, செவ்வா, புதன், மூணு நாளும் காலையில உங்க லேப்லேருந்து எங்க போனுக்கு ரிப்போர்ட் வந்துச்சு. அம்மா பேரு போட்டு. நாங்க யாரும் எதுவும் குடுக்கலையே?”

கையெழுத்தான ரிப்போர்ட்டை லேபின் கம்ப்யூட்டர் தானாகவே நோயாளி வீட்டுக்கு அனுப்பிவிடும். லேப் அக்கா அந்த டெலிபோன் ஆபரேட்டரின் பெயரைத் திரையில் தட்டினாள். பழைய மூன்று ரிப்போர்ட்டுக்குக் கீழே புதிதாக மூன்று இருந்தன. வந்து சேர்ந்த நேரம் 3:10. 3:10. 3:10. முடிவு: கிருமி வளர்ச்சி உள்ளது. அடியில் அவள் கையெழுத்து. அவளுக்கு மட்டுமே தெரிந்த எண்ணைத் தட்டினால் மட்டுமே விழுகிற கையெழுத்து.

அவள் தட்டவில்லை.

“மேடம்? அது ஏதாச்சும் தப்பா வந்ததா?”

அவள் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள். பக்கத்து மேஜையில் இருந்தவள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அன்று லேப் அக்கா சொன்னதை அவளும் கேட்டிருக்கிறாள்.

“இல்லப்பா. அந்த மூணும் சரி. அதுக்கு முன்னாடி நான் போட்டுக் குடுத்த மூணுதான் தப்பு.”